வீட்டு வாசலை மறந்தோமா?

(நமது ஆஸ்பத்திரியின் வருடாந்தர ஸ்தோத்திரக் கூடுகையில், ஆதரவாளர்கள் நடுவே சாப்ளேன் ஆற்றிய உரை)



இன்னும் ஓராண்டு இந்த ஆஸ்பத்திரியின் கதவுகள் திறந்திருக்கக் கர்த்தர் கிருபை செய்தார். பிரசவ வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நடந்த வேலைகளைக் குறித்து மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் அறிக்கை வாசித்தார். பொக்கிஷதாரர் கணக்கு வாசித்தார. உங்கள் ஜெபமும் காணிக்கையும் இல்லாவிட்டால் அந்த இரண்டு அறிக்கைகளுமே இல்லை. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். உங்களுக்கும் நன்றி செலுத்துகிறோம்.

ஆனாலும் இன்று எங்கள் இருதயத்தில் வேறொரு பாரம் இருக்கிறது. மெதடிஸ்ட் சபைகளில் சுவிசேஷ ஊழியம் குன்றி வருகிறதே என்பதுதான் அந்தப் பாரம். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் மெதடிஸ்ட் திருச்சபையின் அங்கத்தினர்கள். வேறு சிலர், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு இணைந்த வெஸ்லியன் சபைகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஆகவே வெளியாரிடம் குறை சொல்லுகிறவர்களாக அல்ல, ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களாகப் பேசுகிறோம்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் மூன்று காரியங்கள் தொலைந்ததைச் சொல்லுகிறார். ஆடு வனாந்தரத்தில் தொலைந்தது. இளைய குமாரன் தூரதேசத்தில் தொலைந்தான். வெள்ளிக்காசோ வீட்டுக்குள்ளேயே தொலைந்தது. ஆட்டுக்குக் கத்தத் தெரியும். குமாரனுக்குத் திரும்பி வர வழி தெரியும். காசுக்கு இரண்டும் தெரியாது. அந்த ஸ்திரீ எண்ணிப் பார்த்திராவிட்டால் அது தொலைந்ததே யாருக்கும் தெரிந்திராது. அவள் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கும் வரைக்கும் தேடினாள். இந்தக் காசை மனதில் வைத்துக்கொண்டு, எங்கள் வார்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள்.

பதினான்கு ரசீதுகள்

தொடை எலும்பு முறிந்து ஒரு வயதான அம்மா எலும்பு முறிவு வார்டில் சேர்க்கப்பட்டார்கள். பிள்ளைகள் இல்லை. கணவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. தினமும் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அவர் கிறிஸ்தவர் அல்லர். நெற்றியில் குங்குமத்தோடு வருவார், கட்டில் விரிப்பைச் சரிசெய்வார், போய்விடுவார்.

நாங்கள் ஜெபிக்கப் போனபோது அந்த அம்மா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் காட்டினார்கள். உள்ளே ஒரு பழைய வேதாகமம்; அதன் நடுவே மடித்து வைத்த ரசீதுகள். எண்ணிப் பார்த்தோம். பதினான்கு. எல்லாம் நமது ஆஸ்பத்திரியின் ரசீதுகள். பதினான்கு ஆண்டுகளாக வருடம் தவறாமல் அவர்கள் நமக்குக் காணிக்கை அனுப்பியிருக்கிறார்கள். முதலில் மணியார்டர், பிறகு வெளியூரில் இருக்கும் தம்பி மகன் மூலமாக வங்கி வழியாக. நமது செய்தி மடல் அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வீடோ இங்கிருந்து ஆறு கிலோமீட்டர்தான். பதினான்கு வருஷத்தில் ஒருநாளும் நாங்கள் அந்த வாசலை மிதித்ததில்லை.

"சேரும்போதே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றோம்.

"உங்களுக்கு எதுக்கு ஐயா தொந்தரவு? ரசீதுதான் ஒழுங்கா வந்துடுதே" என்றார்கள்.

இன்னும் கேட்டபோது மற்றதும் வெளியே வந்தது. முழங்கால் வலியால் மூன்று வருஷமாக ஆராதனைக்குப் போகவில்லை. சபையிலிருந்து யாரும் வந்து விசாரிக்கவுமில்லை. சபைக்குச் செலுத்த வேண்டிய மாதாந்தரக் காணிக்கையையும் அதே தம்பி மகன் கைபேசியிலேயே செலுத்திவிடுகிறார். ஆகவே பாக்கிப் பட்டியலில் அவர்கள் பெயர் வரவே இல்லை. பாக்கி இருந்திருந்தால் யாராவது தேடி வந்திருப்பார்கள். பணம் ஒழுங்காக வந்தபடியால் ஆள் காணாமற்போனது தெரியவில்லை.

அன்று வெளியே வந்தபோது கஞ்சி கொண்டுவந்த அந்தப் பெண் வராந்தாவில் எங்களை நிறுத்தினார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. பாட்டி சொல்ற சாமி நல்ல சாமிதான். ஆளுங்களைத்தான் காணோம்" என்றார்.

நாற்பது வருஷ ஊழியத்தில் அநேக பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். இப்படிக் குத்திய பிரசங்கம் வேறில்லை. சுவிசேஷ ஊழியம் ஏன் குன்றுகிறது என்று கமிட்டி போட்டு ஆராய வேண்டியதில்லை. அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஒரு பென்னியில் தொடங்கியது

நம்முடைய மெதடிஸ்ட் முன்னோர்கள் இந்தக் காரியத்தில் எப்படி இருந்தார்கள்? ஜான் வெஸ்லி ஆங்கிலிக்கன் குருவானவர். 1738 மே 24ஆம் தேதி லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் அவருடைய இருதயம் அனல்கொண்டது என்பதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். அடுத்த ஆண்டு நடந்ததை அவ்வளவாக நினைப்பதில்லை. 1739 ஏப்ரல் 2ஆம் தேதி அவர் பிரிஸ்டல் நகருக்கு வெளியே திறந்தவெளியில் ஏறக்குறைய 3,000 பேருக்குப் பிரசங்கித்தார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பதை முதலில் அவரே விரும்பவில்லை. ஜார்ஜ் விட்ஃபீல்ட் அதற்கு முன்பே கிங்ஸ்வுட் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே பேசத் தொடங்கியிருந்தார். அவர் அழைத்ததினால்தான் வெஸ்லி வெட்கத்தை விட்டு வெளியே வந்தார்.

திறந்தவெளியில் கேட்டவர்களை யார் பராமரிப்பது? அதற்கு வழி பிறந்த விதம், காணிக்கை கொடுக்கும் நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. பிரிஸ்டலில் கட்டின கூடத்துக்குக் கடன் இருந்தது. 1742 பிப்ரவரி 15ஆம் தேதி அந்தக் கடனை அடைப்பதைக் குறித்துக் கூடிப் பேசினார்கள். கேப்டன் ஃபாய் என்பவர், ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். பலர் ஏழைகளாயிற்றே, எப்படிக் கொடுப்பார்கள் என்று மற்றொருவர் கேட்டார். அப்படியானால் மிகவும் ஏழைகளான பதினோரு பேரை என்னிடம் விடுங்கள். வாரந்தோறும் நானே அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். கொடுக்க முடியாதவர்களுக்காக நானே கொடுத்துவிடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினொன்று பேரை ஏற்றுக்கொண்டார்கள்.

பென்னி வாங்கப் போனவர்கள் வீட்டு வாசலில் வேறு காரியங்களைக் கண்டார்கள். ஒரு வீட்டில் கணவன் மனைவியோடு சண்டையிட்டுக்கொண்டிருந்தான். இன்னொருவன் குடித்திருந்தான். இதை வெஸ்லியிடம் வந்து சொன்னபோது, தாம் நெடுநாளாகத் தேடியது இதுதான் என்று அவர் கண்டுகொண்டார். அப்படித்தான் மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டம் பிறந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு பேர், ஒரு தலைவர், வாரத்துக்கு ஒரு சந்திப்பு. ஆத்துமா எப்படி இருக்கிறது என்ற ஒரு கேள்வி.

கவனியுங்கள், பிரியமானவர்களே. கடன் தீர்க்கப் போட்ட திட்டம் ஆத்துமாக்களைத் தேடும் திட்டமாக மாறியது. பென்னியும் விசாரிப்பும் ஒரே நடையில் நடந்தன. 1746இல் அதே வெஸ்லி லண்டனில் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் சாலையைத் தொடங்கினதும் இந்த வாசல் விசாரிப்பின் பலன்தான். நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்த்தவர்கள், மருந்துக்கு வழியில்லாமல் அவர்கள் படும் பாட்டைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு அவர் எளிய மருந்துகளைக் குறித்து ஒரு புத்தகமே வெளியிட்டார். நமது ஆஸ்பத்திரியைப் போன்ற ஊழியங்களின் வேர் அங்கே இருக்கிறது.

பணமும் கொடுத்தார், கப்பலும் ஏறினார்

அந்த அக்கினி நம்முடைய கரைக்கும் வந்தது. டாக்டர் தாமஸ் கோக் கிழக்குத் தேசங்களுக்கு ஊழியர்களை அனுப்ப விரும்பினார். செலவுக்குப் பணமில்லை என்று தயங்கினவர்களிடம் தம் சொந்தப் பணத்திலிருந்து 6,000 பவுன் கொடுக்க முன்வந்தார். அத்தோடு வீட்டில் இருந்துவிடவில்லை. 66 வயதில் தாமே கப்பலேறினார். 1814 மே 3ஆம் தேதி இந்து சமுத்திரத்தில், கப்பலிலேயே மரித்தார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. அவரோடு வந்த வாலிபர்கள் திரும்பிப் போகவில்லை. ஜூன் 29ஆம் தேதி இலங்கையின் காலியில் கரையிறங்கினார்கள். வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குப் போனார்; மறு ஆண்டே அங்கே மரித்தார். ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். தமிழகத்து வெஸ்லியன் சபைகளின் தொடக்கம் அதுவே.

வட இந்தியாவில் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷன் தனியே வேலை செய்தது. டாக்டர் கிளாரா ஸ்வெய்ன் 1870 ஜனவரியில் பரேலி வந்து, அந்தப்புரத்தை விட்டு வெளியே வர முடியாத பெண்களுக்கு வைத்தியம் செய்தார். ராம்பூர் நவாப் கொடுத்த நிலத்தில் 1874இல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இப்படி மருந்துப் பெட்டியோடும் வேதாகமத்தோடும் வீடு வீடாகப் போனவர்களால்தான் நம்முடைய சபைகள் எழும்பின. நம் ஊர்களில் வேதாகம ஸ்திரீகள் குடைபிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனதைப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள்.

தீபம் மங்கியது எங்கே?

தாய்ச் சபையின் இன்றைய நிலை என்ன? 1932இல் பிரிட்டனின் மெதடிஸ்ட் பிரிவுகள் ஒன்றாக இணைந்தபோது 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர்கள் இருந்தார்கள். 2019இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் 1968இல் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை உருவானபோது ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் பேர். பின்னர் அந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது. 2019க்கும் 2023க்கும் இடையே பாலியல் பற்றிய போதனைகளில் எழுந்த பிணக்கினால் 7,600க்கும் அதிகமான சபைகள் பிரிந்து போயின. ஆனால் பிரிவினைக்கு முன்பே, பல பத்தாண்டுகளாகத் தேய்வு தொடங்கியிருந்தது.

மேற்கு நாடுகளின் வாழ்க்கை மாறினதும் இதற்கு ஒரு காரணம். மற்றத் திருச்சபைகளும் அங்கே குறைந்தன. எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடக்கிவிட நாங்கள் துணியவில்லை. ஆனாலும் ஒன்று தெளிவு. 19ஆம் நூற்றாண்டிலேயே வகுப்புக் கூட்டங்கள் மெல்லத் தேயத் தொடங்கின. கட்டிடங்கள் பெரிதாயின, சந்தா ஒழுங்காயிற்று, வாரந்தோறும் வாசலுக்கு வந்து ஆத்துமாவை விசாரிக்கும் ஆள் குறைந்தார். வருகிறவர்களுக்குப் பிரசங்கிக்கிற சபையாக அது மாறியது.

நம் நாட்டில் சுவிசேஷ ஊழியம் குறைவதற்குச் சட்டமும் சூழ்நிலையும்தான் காரணம் என்று பலர் சொல்லுகிறார்கள். சூழ்நிலை கடினம்தான், சில மாநிலங்களில் ஊழியர்கள் படும் பாட்டை நாம் அறிவோம். அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைக் கைக்கொள்ளவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இங்கிலாந்தில் எந்தச் சட்டம் மெதடிஸ்டுகளைத் தடுத்தது? அங்கே யாரும் வாசலை அடைக்கவில்லை. போகிறவர்கள்தான் குறைந்தார்கள். மூன்று வருஷமாக வீட்டிலேயே இருக்கும் ஒரு சபை அங்கத்தினரைப் போய்ப் பார்க்க நமக்கு எந்தச் சட்டம் தடை?

நம்முடைய சபைகளில் முன்பு பிடி அரிசி சேகரித்தார்கள். சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியைக் கர்த்தருக்கென்று தனியே போடுவார்கள். மாதர் சங்கத்துச் சகோதரிகள் வீடு வீடாக வந்து அதை வாங்கிப் போவார்கள். அரிசி கொஞ்சம்தான். ஆனால் பானை காலியாயிருக்கிற வீடும், மருமகளோடு மனஸ்தாபமான வீடும், காய்ச்சலில் பிள்ளை படுத்திருக்கிற வீடும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அன்று சாயங்காலமே போதகரையா அந்த வாசலில் நிற்பார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள். அந்தப் பிடி அரிசியே நம்முடைய பிரிஸ்டல் பென்னி.

பிறகு உறை வந்தது. உறைக்குப் பிறகு வங்கிக் கணக்கு, இப்போது கைபேசி. இவற்றைத் தீது என்று சொல்லவில்லை. நமது ஆஸ்பத்திரியும் அந்த வழியில் வரும் காணிக்கையால் நடக்கிறது. வசதி வந்தபோது, பணத்தோடு சேர்ந்து நடந்துவந்த கால்களை நிறுத்திவிட்டோம் என்பதே எங்கள் துக்கம். கால்கள் நின்ற இடத்தில் வேறு காரியங்கள் வந்து உட்கார்ந்தன. தேர்தல், வழக்கு, காம்பவுண்டுச் சுவர். கூட்டம் கூடினால் முக்கால் மணி நேரம் சொத்தைக் குறித்தும், கடைசி ஐந்து நிமிஷம் சுவிசேஷத்தைக் குறித்தும் பேசுகிறோம்.

கட்டில் ஒரு வலை அல்ல

இந்த இடத்தில் ஒரு எச்சரிப்பும் தேவை. சுவிசேஷ ஊழியம் குறைந்தது என்றவுடன், ஆஸ்பத்திரியில் நோயாளிகள் படுத்துத்தானே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லலாமே என்று சிலர் எங்களுக்கு எழுதுகிறார்கள். ஆர்வத்தை மதிக்கிறோம். ஆனால் எழுந்து போக முடியாதவரிடம், மறுக்கத் துணியாதவரிடம், நாளைக்கு ஆபரேஷன் என்று பயந்திருப்பவரிடம் அவருடைய பலவீனத்தைப் பயன்படுத்திப் பேசுவது நம் ஆண்டவருடைய வழி அல்ல. அவர் பத்துக் குஷ்டரோகிகளைச் சுகமாக்கினார். ஒருவன்தான் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

இங்கே வைத்தியம் எல்லாருக்கும் ஒன்றே. யாராவது கேட்டால் ஜெபிக்கிறோம். கேட்காவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் கிறிஸ்துவைக் குறித்துச் சொல்லுகிறோம்; அதற்கு வெட்கப்படுவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியும் சாப்ளேனும் உங்களுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது. உங்கள் காணிக்கை எங்களை வார்டுக்கு அனுப்புகிறது. உங்கள் தெருவுக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

மூன்று வேண்டுகோள்கள்

அந்த அம்மாவின் கதையை முடித்துவிடுகிறோம். நாங்கள் வெட்கத்தோடு அவர்களிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சபையின் இரண்டு சகோதரிகளுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் முதலில் வார்டுக்கு வந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன பின்பு வீட்டுக்கும் போனார்கள். இன்றும் வாரத்துக்கு ஒருமுறை போகிறார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த அம்மா வீட்டிலேயே திருவிருந்து பெற்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சபையில் சேர்ந்துவிட்டார் என்று சொன்னால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் போன மாதம் அவர் தம் மகனை வெளிநோயாளிப் பிரிவுக்குக் கூட்டி வந்திருந்தார். எங்களைக் கண்டதும், "இப்ப ஆளுங்க வர்றாங்க ஐயா" என்றார். எங்களுக்கு அன்றைக்கு அது போதுமானதாயிருந்தது.

ஆகவே உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

முதலாவது, ஆளுக்குப் பன்னிரண்டு வீடுகளை ஏற்றுக்கொள்ளுங்கள். அவற்றில் பாதியாவது உங்கள் சபையின் வீடுகளாயிருக்கட்டும். மீதி உங்கள் தெருவின் வீடுகள், எந்த மதத்தாராயினும் சரி. மாதத்துக்கு ஒருமுறையாவது வாசலில் நின்று விசாரியுங்கள். துண்டுப்பிரதி இல்லாவிட்டால் பரவாயில்லை. காது இருக்கட்டும்.

இரண்டாவது, நமக்குக் காணிக்கை அனுப்பும்போது, உங்களுக்குத் தெரிந்த ஒரு நோயாளி அல்லது முதியவருடைய தேவையை, அவருடைய சம்மதத்தோடு, அதே கடிதத்தில் எழுதியனுப்புங்கள். எங்களால் போகக்கூடிய தூரமானால் போவோம். தூரமானால் அருகிலுள்ள சபைக்கு எழுதுவோம். ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிற ஆதரவாளர்களின் வீடுகளுக்கு நாங்களே ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு வருவதென்று தீர்மானித்திருக்கிறோம். கதவைத் திறந்து வையுங்கள்.

மூன்றாவதைச் சொல்லப் பொக்கிஷதாரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவில்லை. அவர் எங்களை மன்னிக்க வேண்டும். நாம் பணம் கொடுத்துவிட்டோம், ஊழியம் நடந்துவிட்டது என்று உங்களில் யாராவது எண்ணி இளைப்பாறுகிறீர்களானால், அடுத்த மாதம் காணிக்கை அனுப்புவதற்கு முன்பு ஒரு வீட்டுக்குப் போய்வாருங்கள். போய்வந்த பின்பு அனுப்புங்கள். பணம் ஒரு மாதம் தாமதமானால் நமது ஆஸ்பத்திரி தாங்கிக்கொள்ளும். காணாமற்போன காசு அந்த ஒரு மாதம் இருட்டில் கிடக்க வேண்டாம்.

டாக்டர் கோக் பணமும் கொடுத்தார், கப்பலும் ஏறினார். நம்மிடம் கப்பலேறும்படி கர்த்தர் கேட்கவில்லை. அடுத்த தெருவுக்கு நடக்கும்படி கேட்கிறார். ஒரு காலத்தில் மெதடிஸ்டுகள் என்றால் வாசலுக்கு வருகிறவர்கள் என்று ஜனங்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பெயர் நம் நாட்களில் நம்மாலே அழிந்துபோகாதிருப்பதாக.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, காணாமற்போனவர்களை எண்ணாமல் காணிக்கையை மாத்திரம் எண்ணின எங்கள் பாவத்தை மன்னியும். எங்கள் கையிலே மறுபடியும் விளக்கைத் தாரும். எங்கள் கால்களை வாசல்களுக்கு நேராகத் திருப்பும். தனிமையில் படுத்திருக்கும் யாவரையும், அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவரும் நல்ல மனதுள்ள அயலாரையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.